சாரல் நின்ற வீடுகள்

ஆனி பிறந்து குற்றாலத்தில் சீசன் தொடங்கிய வாரத்தில், குத்துக்கல்வலசையை ஒட்டிய சாரல் நகரில் மிஸ்ரியாவின் வீட்டுக் கூடத்துக்குள் சாரல் விழுந்தது. வெளியே நல்ல வெயில். கூரை கான்கிரீட் போட்டது, ஒரு கீறல் கிடையாது. மாடியில் காயப்போட்டிருந்த வத்தல் மொறுமொறுவென்று இருந்தது. உள்ளே மட்டும், மின்விசிறிக்கு ஒரு சாண் கீழேயிருந்து, மாவு சலிப்பதுபோல மெல்லிய தூறல் மலைக்காற்றின் குளிர்ச்சியோடு இறங்கிக்கொண்டிருந்தது. சோபா நனைந்தது, டிவி நனைந்து படம் போயிற்று. அன்றைக்குத் தென்காசிச் சந்தையில் சின்ன வெங்காயம் கிலோ அறுபது ரூபாய், மங்குஸ்தான் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை.

சாரல் நகருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் மனை விற்றவர்கள். வயலை மேடாக்கிக் கல் நட்டபோது, சீசன் நேரத்தில் வாசலில் நின்றாலே சாரல் முகத்தில் அடிக்கும் என்று நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தார்கள். நம்பி வாங்கியவர்கள் வீடு கட்டி, பால் காய்ச்சி, வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். புழுதிதான் அடித்தது. சாரல் மலையடிவாரத்தோடு திரும்பிப் போய்விடும். வெளியூர்க்காரன் காரை நிறுத்திவிட்டு நனைந்துகொண்டிருக்க, கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிற இவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே சாரல் வீடு தேடி வந்து கூடத்துக்குள்ளேயே விழுந்தபோது, கொஞ்சம் தாமதமானாலும் மனைக்காரர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள் என்றுதான் தெருவே பேசிக்கொண்டது. முறை வைத்து வந்து நின்று நனைந்துவிட்டுப் போனார்கள். குழாயில் தண்ணீர் எப்போதாவது வருகிற ஊர், கிடைத்ததை யார் விடுவார்கள்? மிஸ்ரியா அண்டா, குடம், நீல டிரம் எல்லாவற்றையும் கூடத்தில் வரிசையாக வைத்துப் பிடித்தாள். பக்கத்து வீட்டாரும் ஆளுக்கொரு குடம் கொண்டுபோனார்கள். அவள் கணவர் சலீம் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். வீடியோவில் கூப்பிட்டு, போனைச் சாரலுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் மிஸ்ரியாவின் தம்பி மன்சூரும் இருந்தான். இருபத்தி மூன்று வயது, அத்தானோடு சேர்ந்து வேலை பார்க்க விசா வந்திருந்தது, திருவனந்தபுரத்தில் விசாவுக்கான உடல் பரிசோதனைக்கு, மெடிக்கலுக்கு, தேதியும் கொடுத்திருந்தார்கள். சாரல் விழுந்த மறுநாள் அவனுக்கு உடம்பு சுட்டது. வேறு ஊராக இருந்தால் அதற்குக் காய்ச்சல் என்று பெயர். அந்தப் பக்கத்தில் சீசன் நேரத்தில் உடம்பு சுட்டால் சாரல் சூடு என்பார்கள். மலைக்குளிர்ச்சி மேலே பட்டால் உள்ளே கிடக்கிற சூடெல்லாம் தோலுக்கு வரும், அது நல்லது, வரட்டும் என்று சுக்குக்காப்பி போட்டுக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் சிரிப்பார்கள். மன்சூருக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதையாயிற்று. காய்ச்சல் என்று யாராவது எழுதிவிட்டால் மெடிக்கல் போச்சு என்று பயந்துகொண்டிருந்தவன், கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, சாரல் சூடு என்று சொல்லிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் சாரல் நின்றது. தரை காய்ந்தது. மன்சூருக்கும் உடம்பு குளிர்ந்துவிட்டது. முகச்சவரம் செய்து, பாஸ்போர்ட் போட்டோ எடுத்துவிட்டு வருகிறேன் என்று பைக்கில் செங்கோட்டைக்குக் கிளம்பினான். இலத்தூர் விலக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. போகிற வருகிறவர்கள் குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று நினைத்துக் கடந்துபோனார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத பையன். யாரோ ஒரு கறிக்கடைக்காரர் தொட்டுப் பார்த்தபோது கை கால் சில்லென்று இருந்தது. ஆம்புலன்ஸ் வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

சாரல் நகர் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் கணக்கில் வருகிறதோ, அதன் டாக்டர் பொன்செல்வி. வீரகேரளம்புதூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்துபோகிறவர். நோயாளியைப் பார்ப்பது அவருடைய வேலையில் பாதி. மீதிப் பாதி, தன் எல்லைக்குள் யாருக்கெல்லாம் என்ன நோய், எந்தத் தெருவில் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பார்த்து வாராவாரம் மேலிடத்துக்கு இணையதளம் வழியாக அனுப்புவது. மன்சூர் செத்த வாரத்துக்கு சாரல் நகரில் காய்ச்சல் பூஜ்யம் என்று போயிருந்தது. சாவுச் செய்தி கேட்டு மிஸ்ரியாவின் வீட்டுக்குப் போன பொன்செல்வி, டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, திறந்தபடியே நின்றார். தண்ணீருக்குள் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன.

"காய்ச்சல் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"காய்ச்சல்னு யாரு மேடம் சொன்னா? சாரல் சூடுல்லா. அதுவும் விட்டுட்டு. விட்ட பொறவுதான் போனான்" என்று சொல்லி மிஸ்ரியா அழுதாள்.

டெங்குக்காய்ச்சலின் துரோகம் அதுதான். சுடும்போது ஆளைக் கொல்லாது. சூடு இறங்கி, வீட்டார் அப்பாடா என்று உட்காருகிற நேரம் பார்த்து உள்ளே இரத்தக்குழாய் கசிய ஆரம்பிக்கும். அதற்கடுத்த இரண்டு நாள்தான் கண்டம். படிக்கிற காலத்திலேயே பொன்செல்விக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்து என்ன பயன், அந்தப் பையனுக்குக் காய்ச்சல் என்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்றே. அன்று ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. இனி சாரல் நகரில் ஒரு ஆள்கூட என் கணக்குக்கு வராமல் சாகக் கூடாது என்று வழியெல்லாம் வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனார். எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர் தன்னைத்தான் திட்டுகிறார் என்று ஒதுங்கி வழிவிட்டார்.

அடுத்த வாரம் மிஸ்ரியாவின் தெருவில் மூன்று வீட்டில் சாரல் விழுந்தது. பொன்செல்வி மூன்றுக்கும் குடையோடு போனார். மூன்றிலும் ஒவ்வொரு ஆள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. எனக்கு ஒன்றுமில்லை என்று மூன்று பேரும் சொன்னார்கள். கெஞ்சிக் கூத்தாடி இரத்தம் எடுத்துப் பார்த்ததில் மூன்றும் டெங்கு. அதற்கப்புறம் அவர் சாரலைச் சந்தேகப்படவில்லை. யாருக்குக் காய்ச்சல் வரப்போகிறதோ அந்த வீட்டுக்கு ஒரு நாள் முந்தியே சாரல் வந்துவிடுகிறது. மனுஷன் வாய் பொய் சொன்னாலும் அது பொய் சொல்வதில்லை. ஆனால் வீடு வீடாகக் கதவைத் தட்டினால் உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். எனவே சாரல் நகரின் நடுவிலிருக்கும் மேல்நிலைத் தொட்டியில் ஏறினார். சாரல் விழுகிற வீட்டு ஜன்னலிலிருந்து காலையில் வெள்ளையாக ஒரு புகைமூட்டம் வெளியே வழியும். தொட்டி மேலிருந்து பார்த்தால் நகர் முழுவதும் எந்த ஜன்னலில் வழிகிறது, எந்தத் தெருவுக்கு நகர்கிறது என்று உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்தது. தினமும் காலையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு டாக்டர் தண்ணீர்த்தொட்டியில் ஏறுவதை ஊர் முதலில் வேடிக்கை பார்த்தது, பிறகு பேசியது, பிறகு அந்த நேரத்தை வைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பத் தொடங்கியது. கூடவே ஏற வேண்டியிருந்த சுகாதார ஆய்வாளர் சுடலைமுத்து, உயரம் ஆகாதவர், கைப்பிடியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியபடி, பொன்செல்வி சொல்லும் வீட்டு எண்ணை எழுதிக்கொள்வார். எழுத்து கோணல்மாணலாக இருக்கும்.

மேலிடத்துக்கு அனுப்பும் இணையதளத்தில் சாரலுக்கு இடம் இல்லை. பொன்செல்வி குறிப்புகள் என்ற இடத்தில் எழுதி அனுப்பினார். வீட்டுக்குள் மழை பெய்தால் அது கட்டடம் சம்பந்தப்பட்டது, பொதுப்பணித் துறைக்கு எழுதவும் என்று பதில் வந்தது. மறு வாரமும் எழுதினார். ஒரு அதிகாரி போனில் கூப்பிட்டு, நீங்கள் கொஞ்சம் லீவு எடுத்துக்கொள்ளலாமே என்று அன்பாகக் கேட்டார். லீவு வேண்டாம், கூடுதலாக இரண்டு செவிலியர் வேண்டும் என்று இவர் சொன்னார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நகர்ந்தது, ஒரு செவிலியர் வந்தார்.

தண்ணீரைக் கொட்டவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சாரல் தண்ணீர் மூலிகை மேலே பட்டு வருகிற தண்ணீர், அதில் புழு வைக்காது என்று சாதித்தார்கள். கொசுப்புழு ஒழிக்க வந்த பெண்களை டிரம்முக்குப் பக்கத்திலேயே விடவில்லை. வாதாடிப் பார்த்த பொன்செல்வி ஒரு நாள் வாதாடுவதை விட்டார். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் சாரல் தண்ணீரைப் புழுவோடு மொண்டு, வாயில் கொசுவலைத் துணியைக் கட்டி, முக்கு டீக்கடையில் வடைத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். டீ குடிக்க வருகிறவர்கள் பார்த்தார்கள். புழு உருண்டையாயிற்று, உருண்டைக்குச் சிறகு முளைத்தது, ஒரு காலையில் பாட்டிலுக்குள் காலில் வெள்ளை வரி போட்ட கொசுக்கள் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தன. முதலில் டிரம்மைக் கவிழ்த்தவள் மிஸ்ரியா. தண்ணீர் வாசல் தாண்டி ஓடும்போது அதன் மேல் செருப்பால் அடித்தாள். அதைப் பார்த்த பிறகு தெருவில் பாதிப் பேர் கொட்டினார்கள்.

ஏசுவடியான் கொட்டவில்லை. அவர் தென்காசியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்து, பிறகு சாரல் நகரில் கீழே வீடும் மேலே நாலு அறைகளுமாகக் கட்டியவர். சீசனுக்கு வருகிறவர்கள் தங்குவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார். மலையடிவாரத்தில் அத்தனை லாட்ஜ் இருக்க, இத்தனை தூரம் எவன் வருவான்? நாலு வருஷம் அறைகளில் புறாதான் தங்கியது. ஆடி பிறந்த அன்று அந்த நாலு அறையிலும் சாரல் விழுந்தது. ஏசுவடியான் முழங்கால் படியிட்டு ஜெபம் செய்துவிட்டு, நேராகப் போய் போர்டு எழுதிக்கொண்டு வந்து ரோட்டில் நட்டார். படுக்கையறைக்குள் சாரல், குடும்பத்துக்கு மட்டும். மதுரையிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் வேன் வேனாக வந்தார்கள். கட்டிலில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுப் படுத்து, நனைந்துகொண்டே பரோட்டா தின்றார்கள். அவர்களுக்கெல்லாம் கீழே நின்று சமைத்தது அவர் மனைவி ரெபேக்காள். அவளுக்குத்தான் சாரல் விழுந்த மறுநாளிலிருந்து உடம்பு கொதித்தது.

பொன்செல்வி தினமும் போனார். ஏசுவடியான் தினமும் வாசலிலேயே மறித்தார். கெட்டவர் இல்லை. கட்டிய வீடு கையைக் கடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"ஊருக்கெல்லாம் காய்ச்சல்னு எழுதிட்டுப் போங்க மேடம், என் வீட்ட மட்டும் விட்டுருங்க. இப்பதான் ஆளு வருது. நீங்க மருந்து அடிச்சு நோட்டீசு ஒட்டுனா ஒரு வேன் நிக்குமா?"

"அண்ணாச்சி, ரூமுக்கு ஆள் வரும், போகும். அக்காவ யாரு திரும்பத் தருவா?"

"சாரல் சூடு மேடம் அது. எங்க அம்மைக்கெல்லாம் வருஷா வருஷம் வரும்."

உள்ளேயிருந்து ரெபேக்காளும், "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா, அடுப்புல சோறு கெடக்கு" என்று குரல் கொடுப்பாள். ஒரு முறை ஜன்னல் வழியாக மாத்திரையையும் உப்புச்சர்க்கரைக் கரைசலையும் கொடுத்துவிட்டு, குடி அக்கா, குடிச்சிட்டு சமை என்று சொல்லிவிட்டு வந்தார் பொன்செல்வி. அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

அதற்கடுத்த வாரத்தில் ஒரு காலை. தொட்டி மேலிருந்து பார்த்தபோது ஏசுவடியான் வீட்டு மாடி ஜன்னல்கள் நாலும் சுத்தமாக இருந்தன. புகைமூட்டம் இல்லை, வெயில் கண்ணாடியில் பட்டுப் பளிச்சென்று தெரிந்தது.

"நல்லதாப் போச்சு மேடம், ஒரு வீடு கொறஞ்சிது" என்றார் சுடலைமுத்து, கண்ணைத் திறக்காமல்.

பொன்செல்வி ஏற்கெனவே பாதிப் படி இறங்கியிருந்தார். ஸ்கூட்டர் போகிற வேகத்தை வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மிஸ்ரியா பார்த்தாள். திரும்பி ஏசுவடியான் வீட்டு மாடியைப் பார்த்தாள். கையிலிருந்த சட்டியை அப்படியே போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடினாள்.

ஏசுவடியான் வீட்டில் ஒரே களேபரம். தங்கியிருந்தவர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, சாரல் இல்லாத அறைக்கு எதற்கு வாடகை, பாதியைத் திருப்பிக் கொடு என்று சத்தம் போட்டார்கள். ஏசுவடியான் ஏணி வைத்து ஏறி, மட்டப்பலகையால் சீலிங்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கேயோ அடைத்துக்கொண்டது போல. கீழே ரெபேக்காள் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். உடம்பு இறங்கிவிட்டது, லேசாக வயிறுதான் வலிக்கிறது என்றாள். பொன்செல்வி அவள் கையைப் பிடித்தார். அடுப்புக்கு முன்னால் நிற்கிறவளின் கை மண்பானைத் தண்ணீராகக் குளிர்ந்து கிடந்தது.

வண்டிக்குப் போன் போட்டுவிட்டு, கிளம்ப வேண்டும் என்றார். ஏணியிலிருந்தபடியே ஏசுவடியானுக்குப் பொறுமை போய்விட்டது. இத்தனை நாள் காய்ச்சல் காய்ச்சல் என்று வந்தீர்கள், இன்று அதுவும் இல்லை, இன்னும் எதற்கு வருகிறீர்கள் என்று கத்தினார்.

"காய்ச்சல் இருக்கும்போது வந்தேன், நீங்க விடல. இப்ப அது நின்னுட்டு. இனிமே நீங்க விடாட்டாலும் நான் போக மாட்டேன் அண்ணாச்சி."

"அதான் விட்டுட்டுல்லா மேடம்!"

வாசலில் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்த மிஸ்ரியா சொன்னாள்: "மன்சூருக்கும் விட்டுட்டு அண்ணாச்சி."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போட்டுக்கொண்டிருந்த சிவகாசிக்காரர்கள்கூடப் பெட்டியைக் கீழே வைத்தார்கள். ஏசுவடியான் மட்டப்பலகையைக் கையில் பிடித்தபடியே ஏணியிலிருந்து இறங்கி வந்தார். மனைவியின் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவரே அடுப்பை அணைத்தார்.

தென்காசி அரசு மருத்துவமனையில் அன்று சாயங்காலம் ரெபேக்காளின் இரத்த அழுத்தம் பிடி கிடைக்காமல் இறங்கியது. குளுக்கோஸ் ஏறியது, டாக்டர்கள் மணிக்கு மணி அளவு மாற்றினார்கள். மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. ஏசுவடியான் வராந்தாவில் உட்கார்ந்து, நான் கொன்றுவிட்டேனே, நான் கொன்றுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். பொன்செல்வி அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. இன்னும் கொல்லவில்லை, எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு வந்து இதைப் பிடியுங்கள் என்று சிறுநீர் அளக்கிற டப்பாவைக் கையில் கொடுத்தார். மிஸ்ரியா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பிக்குக் கொடுக்க முடியாமல்போன தண்ணீரையெல்லாம் ஒவ்வொரு ஸ்பூனாக ரெபேக்காளுக்குக் கொடுத்தாள். இரண்டு நாள் அந்த இடத்தை விட்டு அவள் அசையவில்லை. தொழுகையைக்கூடக் கட்டிலோரத்திலேயே முடித்துக்கொண்டாள். ஏசுவடியான் சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்து வைத்தால், அவர் சாப்பிட்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் தான் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் ரெபேக்காள் கண்ணைத் திறந்து, "ஏட்டி, எனக்குப் பசிக்கு" என்றாள். பசி வந்தால் ஆள் தப்பிவிட்டது என்று அர்த்தம். மிஸ்ரியா எழுந்து வராந்தாவுக்கு வந்து, தம்பி இறந்த அன்றைக்கு அழுததைவிட அதிகமாக அழுதாள்.

பொன்செல்வி அதற்கப்புறம் ஒரு காரியம் செய்தார். மன்சூர் இறந்த வாரத்தின் கணக்கைத் திருத்த வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். முடிந்துபோன வாரத்தைத் திறக்க முடியாது என்றார்கள். திரும்ப எழுதினார். ஆள் இறந்துவிட்ட பிறகு எண் மாறி என்ன ஆகப்போகிறது என்றார்கள். அவன் காய்ச்சலில் செத்தான், குடித்துச் சாகவில்லை, அது எங்காவது இருக்க வேண்டும் என்று நேரில் போய்ச் சொன்னார். தீபாவளிக்குப் பிறகு, கார்த்திகை அடைமழையில், அந்த வாரத்தைத் திறந்து பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று போட்டார்கள். அதைச் சொல்ல அவர் மிஸ்ரியாவின் வீட்டுக்குப் போனபோது சலீம் தம்மாமிலிருந்து வந்திருந்தார். இருவரும் கேட்டுக்கொண்டார்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள், அவரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

இது நடந்து சில வருஷம் ஆகிறது. இணையதளத்தில் இப்போது வீட்டுக்குள் சாரல் உண்டா, இல்லையா என்று ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது. சாரல் நகரைத் தவிர மற்ற ஊர்க்காரர்கள் இல்லை என்று போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார்கள். சுடலைமுத்து கண்ணைத் திறந்துகொண்டே தொட்டியில் ஏறுகிறார். ஒவ்வொரு சீசனிலும் ஐந்தாறு வீடுகளில் சாரல் விழத்தான் செய்கிறது. விழுந்தால் வீட்டார் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, டிவிக்குப் பாலிதீன் போட்டு மூடி, கட்டிலுக்கு மேல் குடையை விரித்துவிட்டு, சுகாதார நிலையத்துக்குப் போன் பண்ணுகிறார்கள். சாரல் நின்றால் பக்கத்து வீடுகளில் அடுப்பை அணைத்துவிட்டு, பாயும் தண்ணீர்ச் செம்புமாகக் கிளம்பி அந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. இரண்டு நாள் முறை போட்டு உட்கார்ந்து, படுத்திருக்கிற ஆள் பசிக்கிறது என்று சொன்ன பிறகு, பாயைச் சுருட்டிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறார்கள்.